இயக்குநர் தாள்: ஆந்தனி மேனை எடுப்பவர்களுக்கு

திரைப்படப் படிப்பின் தேர்வு முடிவு வந்துவிட்டது, ஓர் இயக்குநரைப் பற்றி எழுதும் தாள்தான் கைகொடுத்தது. அடுத்த முறை அமெரிக்க இயக்குநர் ஆந்தனி மேனைப் பற்றி எழுதப்போகிறவர்களுக்காக இது.

வாழ்க்கை வரலாற்றில் தொடங்கவே தொடங்காதீர்கள். ஒரு காட்சியில் தொடங்குங்கள். நான் எடுத்துக்கொண்டது 'தி நேக்கட் ஸ்பர்' (1953) படத்தின் உச்சக்கட்டம். கீழே ஆறு இரைந்து ஓடுகிறது, பாறை மேலே துப்பாக்கியோடு ராபர்ட் ரயன். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பூட்ஸின் குதிமுள்ளைப் பாறை இடுக்கில் ஊன்றி ஊன்றி ஏறுகிறார், கடைசியில் அதையே ரயன் முகத்தில் வீசுகிறார். வெகுமதிப் பணத்துக்காக ரயனின் பிணத்தை இழுத்துக்கொண்டு போகப் பார்ப்பவர், பிறகு உடைந்துபோய் அதைப் புதைக்கிறார். மேனின் வெஸ்டர்ன்களில் (கௌபாய் படங்களில்) மனிதனின் வெறி எப்படி நிலத்தின் உயரமாகிறது என்பதை இந்த ஒரு காட்சியை வைத்தே நிறுவலாம். 'வின்செஸ்டர் '73' (1950) படத்திலும் சகோதரர்களின் கணக்கு பாறைக் குன்றில்தான் தீர்கிறது. அதை ஒரு வரியில் சேர்த்தால் வாதம் நிற்கும். மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது, பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள்.

மீதி:

- 1947–49. ஈகிள்-லயன் என்ற சிறிய ஸ்டூடியோவின் சின்ன பட்ஜெட் படங்கள், ஒளிப்பதிவு ஜான் ஆல்டன். 'டி-மென்' படத்தின் நீராவிக் குளியல் கொலையைச் சொல்லுங்கள். "இருட்டாக இருக்கும்" என்று எழுதி நிறுத்தினால் போதாது. விளக்குகள் குறைந்தால் செட்டின் வறுமை மறையும், அச்சமும் கூடும். இந்தக் காரணம் விடையில் இருக்க வேண்டும்.
- 1950–55. ஸ்டூவர்ட்டோடு எட்டுப் படங்கள், அதில் வெஸ்டர்ன் ஐந்துதான். எட்டும் வெஸ்டர்ன் என்று எழுதிக் கோட்டைவிடுபவர்கள் ஏராளம். 'தண்டர் பே', 'தி கிளென் மில்லர் ஸ்டோரி', 'ஸ்ட்ராட்டஜிக் ஏர் கமாண்ட்' மூன்றும் வேறு வகை. 'வின்செஸ்டர் '73'க்கு ஸ்டூவர்ட் சம்பளத்துக்குப் பதில் லாபப் பங்கு வாங்கியது ஹாலிவுட் ஸ்டூடியோ முறை பற்றிய கேள்விக்கும் உதவும்.
- 'ஸ்பார்ட்டகஸ்'. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு மேன் நீக்கப்பட்டார், இயக்குநராக ஸ்டான்லி குப்ரிக் வந்தார். இதை மேனின் படப்பட்டியலில் சேர்க்காதீர்கள்.
- ஸ்பெயினில் சாமுவேல் பிரான்ஸ்டன் தயாரிப்பு: 'எல் சிட்' (1961), 'தி ஃபால் ஆஃப் தி ரோமன் எம்பயர்' (1964). இரண்டாவது பெரும் நஷ்டம்.

எழுத்தாளர் போர்டன் சேஸை மறந்துவிடாதீர்கள். ஸ்டூவர்ட் வெஸ்டர்ன்களில் மூன்று அவர் எழுத்து. எல்லாப் பெருமையையும் இயக்குநர் தலையில் ஏற்றும் விடைக்கு இதுவே நல்ல மாற்று.

நேரம் போதாவிட்டால் ஸ்பெயினை இரண்டு வரியில் முடியுங்கள். ஆல்டனைக் குறைக்காதீர்கள்.