நோட்டீஸின் பின்பக்கம்

வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ் ரத்தான கடிதம் நேற்று மாலைதான் கைக்கு வந்தது. நாங்கள் தன்னார்வலர்களாகப் பழுதுபார்த்துக் கொடுத்த வீட்டில் குடியிருக்கும் அம்மாவும் அவருடைய பேரப்பிள்ளைகள் இருவரும் இனி அங்கேயே இருக்கலாம். பெரிய நிம்மதி. ஆனாலும் நாங்கள் வீணாக்கிய இரண்டு வாரங்களை நினைத்தால் மனம் ஆறவில்லை. தன்னார்வலர்களாக இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு இது உதவட்டும்.

'வீடு குடியிருக்கத் தகுதியற்ற நிலையில் உள்ளது. 30 நாள்களுக்குள் குறைகளைச் சரிசெய்யாவிட்டால் காலி செய்ய வேண்டும்' என்பதுதான் நோட்டீஸ். ஆள் சேர்ப்பதும் பொருள் திரட்டுவதும் நான்கு நாளில் முடிந்தன. எட்டுப் பேர் வந்தோம்.

முதல் தவறு எங்களுடையது. வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டவை ஒழுகும் தகரக் கூரையும் ஓதம் ஏறிய சுவரும்தான். நோட்டீஸின் முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கூரையில் ஏறிவிட்டோம். பின்பக்கத்தில் ஏழு குறைகள் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன. முதல் மூன்றும் மின் இணைப்பு பற்றியவை. நான்காவது, பின்வாசல் படிக்குக் கைப்பிடி இல்லாதது. கூரை ஐந்தாவதாகத்தான் வந்தது. சுவருக்கு வண்ணம் பூசுவது பட்டியலிலேயே இல்லை. நாங்களோ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்குக் கொடுத்திருந்தோம். ஓதம் காயாத சுவரில் பூசிய அந்த வண்ணமும் பத்தே நாளில் கொப்புளித்து உரிந்தது. நோட்டீஸின் இரு பக்கங்களையும் நகலெடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். அதில் உள்ள குறைகளை முடித்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

கூரையிலும் ஒரு பாடம் கிடைத்தது. கட்டிலுக்கு மேலே சொட்டியது; சொட்டிய இடத்துக்கு நேர் மேலே அடைத்தோம். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே சொட்டு. தகரத்தில் நீர் நுழையும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. நுழைந்த நீர் தகரத்தின் அடியில் ஒட்டியபடியே சரிவில் இறங்கி, குறுக்குக் கட்டையில் முட்டி அங்கே விழுகிறது. பிறகு ஒருவர் கூரைமேல் குழாயுடன் நின்று, கீழ் வரிசையிலிருந்து மேல் நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டார். நான் உள்ளே டார்ச்சுடன் அண்ணாந்து நின்றேன். சொட்டு விழும் இடத்திலிருந்து சரிவில் நான்கு அடி மேலே ஒரு திருகாணியைச் சுற்றி ஈரம் பளபளத்தது. அதைக் கழற்றினால், அதன் ரப்பர் வாஷர் விரல் பட்டதும் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. மற்றவையும் அதே நிலைதான். பழைய துளைகள் அகன்றுபோயிருந்ததால் ஓர் அளவு பருமனான திருகாணிகளைப் போட்டு எல்லாவற்றையும் மாற்றினோம். அதன் பின் ஒரு சொட்டும் இல்லை.

மின் வேலையில்தான் பெரிய அடி. எங்கள் குழுவில் நல்ல அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரே ஒயர்களை மாற்றினார். ஆய்வுக்கு வந்த அதிகாரி எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உரிமம் உள்ளவரின் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அடுத்தவர் செய்த வேலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது என்று அவர் எல்லாவற்றையும் திறந்து சோதித்தார். சமையலறை பிளக்கில் எர்த் ஒயர் இணைக்கப்படாமலே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பார்கள். என் கோபம் அந்த நொடியே போய்விட்டது. 30 மில்லி ஆம்பியர் கசிவு ஏற்பட்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் அவர் பொருத்திக் கொடுத்தார். மின்சாரத்தை முதல் நாளிலேயே உரிமம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

அலுவலகக் கதை தனி. வீடு அந்த அம்மாவின் மறைந்த கணவர் பெயரிலேயே இருந்தது. "தம்பி, அவர் பெயரில்தானே இத்தனை வருஷமும் நான் வரி கட்டிக்கொண்டிருக்கிறேன்" என்றார். அது போதவில்லை. பழுதுபார்க்க உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டுமாம். இறப்புச் சான்றிதழுடன் போனேன். வாரிசுச் சான்று கேட்டார் எழுத்தர். அதையும் கொண்டுபோனேன், வெளியூரில் இருக்கும் மகளின் கையெழுத்து வேண்டும் என்றார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "நீங்கள் கேட்கவில்லையே" என்று பதில் வந்தது. ஒவ்வொரு முறையும் அரை நாள் போனது. மூன்றாம் முறை, தேவையான தாள்கள் அத்தனையையும் எழுதித் தந்தால்தான் நகர்வேன் என்று அங்கேயே நின்றேன். அரை மணி நேரம் கழித்து எழுதிக் கொடுத்தார். இன்னும் இரண்டு தாள்கள் பாக்கி இருந்தன.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருந்தோம். 22ஆம் நாளே கால நீட்டிப்புக்கு மனு கொடுத்து, எங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வைத்திருந்தோம். 31ஆம் நாள் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தபோது, மனுவே வரவில்லை என்றது அலுவலகம். முத்திரையுள்ள நகலைக் காட்டினேன். அன்று மாலையே 15 நாள் நீட்டிப்பு கிடைத்தது. அந்த முத்திரை இல்லாதிருந்தால் பிள்ளைகளின் புத்தகப் பைகள் தெருவில் கிடந்திருக்கும்.

கைப்பிடி, கழிவுக் குழாய், சன்னல் கொக்கி எல்லாம் இரண்டே நாள் வேலை. மறு ஆய்வு இருபது நிமிடத்தில் முடிந்தது. ஒவ்வொரு குறைக்கும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை நோட்டீஸின் எண் வரிசையில் அடுக்கிக் கொடுத்திருந்தோம். அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டே ஏழையும் டிக் செய்தார்.

நேற்று வாங்கிய ரத்துக் கடிதத்தில் கதவு எண் தவறாக இருந்தது. நல்ல வேளையாக வாசலிலேயே பிரித்துப் பார்த்தேன். திரும்பிப் போய்த் திருத்தி, திருத்தத்தின் அருகே கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். அசல் அந்த அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. நகல் ஒன்று மகளிடம், ஒன்று எங்களிடம்.