ஆரம்பித்தவரே தூங்க வைக்கணும்

நான் மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லர் பார்ப்பவன். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல வருடம் ஆகியும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. மனைவி தோட்ட ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. மகளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. அவளைத் தானாகத் தூங்கப் பழக்கிய கதை இது.

பிள்ளை பிறந்தபோது எனக்குக் கிடைத்தது ஏழு நாள் லீவு. 2023 ஜனவரி 1 முதல் தனியார் வேலையில் இருக்கும் அப்பாக்களுக்கும் சட்டப்படி உண்டு. அம்மாக்களுக்கு 60 நாளாக இருந்ததை 98 ஆக்கினார்கள். அந்த 98 நாளும், அதற்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய மூன்று மாதமும், இரவு முழுக்க எழுந்தது அவள் ஒருத்திதான். நான் ஷிப்ட் முடிந்து அலுப்பில் படுத்துவிடுவேன். ஒருநாள் காலை செம்மண் ரோட்டில் அவளுக்குக் கண் செருகி, மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் இறங்கிவிட்டாள். அடி ஒன்றும் படவில்லை. சேற்றோடு வீடு திரும்பி, வாசற்படியில் உட்கார்ந்து, "என்னங்க, எனக்குத் தூக்கம் வேணும், வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

பாப்பா அதுவரை ஸ்பிரிங் தொட்டிலில்தான் தூங்கினாள். ஆட்டம் நின்றால் கண் திறந்துவிடுவாள். கைக்குழந்தைக்கு ஒரு சுற்றுத் தூக்கம் ஒரு மணி நேரம்கூட வராது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் லேசாக விழிக்கும். ஆட்டத்திலேயே தூங்கிப்போன பிள்ளை, விழித்ததும் ஆட்டத்தைத் தேடும். அதனால் தானாகத் தூங்கப் பழக்குவது என்று முடிவு செய்தோம். கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) எடை பார்த்து, நன்றாக ஏறியிருக்கிறது, இரவில் பாலுக்கு ஒருமுறை எழுந்தால் போதும் என்றார். கெட்டியான மெத்தை, மல்லாக்கப் படுக்க வைப்பது, தலையணை கிடையாது. கட்டிலுக்கு மேல் கொசுவலை.

இணையத்தில் பார்த்த அட்டவணைகளில் பாதிக்குமேல் மாலை ஏழு மணிக்குத் தூங்க வைக்கச் சொல்கின்றன. இங்கே ஏழு மணிக்கு வெளியில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளியதிலிருந்து நமக்குப் பொழுது சாய ஏழே கால், ஏழரை ஆகிவிடுகிறது. நாங்கள் எட்டேகால் என்று வைத்துக்கொண்டோம். ஏழே முக்காலுக்கு வெந்நீரில் உடம்பு துடைப்பது, பிறகு பால், விளக்கைக் குறைப்பது, ஒரே ஒரு தாலாட்டு, முழித்திருக்கும்போதே கட்டிலில் கிடத்துவது. அழுதால் மூன்று நிமிடம் கழித்து உள்ளே போய்த் தட்டிக்கொடுப்பது, அடுத்து ஐந்து, அதற்கடுத்து பத்து.

முதல் இரவு என் முறை. நாற்பது நிமிடம் அழுது தூங்கினாள். இரண்டாம் இரவும் நான்தான். இருபத்தைந்தாவது நிமிடத்தில் மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து தூக்கிவிட்டாள். அவள்மேல் குற்றமே இல்லை. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டாலே அவளுக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிடும்; உடம்பே எழுந்து ஓடச் சொல்லும்போது மனம் எப்படி உட்காரும்? ஆனால் மூன்றாம் இரவு பாப்பா ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுதாள். இவ்வளவு அழுதால் அம்மா வருவாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சமையற்கட்டில் நின்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். யார் ஆரம்பிக்கிறார்களோ அவர்தான் முடிக்க வேண்டும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் விலக்கு. என் முறை வரும் நாளில், பால் கொடுத்ததும் அவள் நாலு வீடு தள்ளியிருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். இந்த ஒன்றுதான் எங்களுக்குக் கை கொடுத்தது. மூன்று, ஐந்து, பத்து என்ற கணக்கைவிட இதுதான் முக்கியம் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் அம்மாவுக்கு முதலில் கோபம். "புள்ளைய அழவிட்டுக் கடிகாரத்தப் பாக்குறியாடா?" என்றார். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கே விடியுமுன் நடக்கும் ஆள் கணக்கெடுப்பைப் பெரட்டு என்பார்கள். நாலாம் நாள் ராத்திரி கதவுக்கு வெளியே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு அவராகவே பேசினார். "உன்னக் காலையில இருட்டோட ஆயா கொட்டகையில விட்டுட்டுப் பெரட்டுக்கு ஓடுவேன். வரிசையா தொட்டில் கட்டியிருக்கும். நீ எப்படித் தூங்குன, எவ்ளோ நேரம் அழுதன்னு எனக்கு ஒரு நாளும் தெரியாது. கேக்கவும் பயம்." அதன்பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. உள்ளே பாப்பாவின் அழுகை விட்டு விட்டு வந்து, பெருமூச்சாக மாறி, நின்றது. அம்மா என் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

ஆறாம் நாள் பன்னிரண்டு நிமிடம்தான். வலைக்கு வெளியே நின்று பார்த்தேன். இடது கையால் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பது மெதுவாகி, விரல்கள் காதோரமே நின்று, பிறகு ஒவ்வொன்றாக விரிந்து கை மெத்தையில் விழுந்தது. ஆறு மாதமாக இதை அவள் அம்மா ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போது என் காலை ஷிப்ட் வாரங்களில் இரவு முறை எனக்கு, மாலை ஷிப்ட் வாரங்களில் அவளுக்கு. அவள் பாடும் பாட்டு வேறு, நான் பாடுவது வேறு. அதில் பிள்ளைக்குக் குழப்பமே இல்லை. வரிசை மாறாமல் இருந்தால் போதும். செம்பனைக் காய் அதிகமாக வரும் செப்டம்பர், அக்டோபரில்தான் கஷ்டம். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், அதனால் மில் ராத்திரியும் ஓடும், ஓவர்டைமை மறுக்க முடியாது. அந்த மாதங்களுக்கு இப்போதே அம்மா தாலாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எங்களிடம் கேட்டு வைத்துக்கொள்கிறார். தாலாட்டு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன வாரம் பாப்பாவுக்குக் கீழ்ப்பல் முளைத்தது. சிணுங்கிக்கொண்டே இருந்தாள், மூன்று இரவும் அவள் அம்மா தோளில்தான் தூக்கம். நாங்கள் கணக்கே பார்க்கவில்லை. நேற்று சரியாகிவிட்டாள், கஞ்சி முழுக்கக் குடித்தாள். திங்களிலிருந்து எனக்குக் காலை ஷிப்ட். அக்கா வீட்டில் சொல்லி வைத்தாயிற்று. மறுபடி மூன்று நிமிடத்திலிருந்து.