இடிபடும் முன் அளந்துவிட வேண்டிய வீடு

கீழக்கரையில் ஒரு பழைய வீட்டை நோன்புப் பெருநாள் கழிந்ததும் இடிக்கப்போகிறார்கள். கடற்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு எழுப்பிய வீடு அது. வீட்டுக்காரர் மீது எனக்கு வருத்தம் இல்லை. கூரையைத் தாங்கும் தேக்குக் கட்டைகள் இரண்டு இடங்களில் இற்றுப்போய்விட்டன. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் குடும்பத்தோடு ஊர் திரும்பும்போது தங்குவதற்கு அறைகள் போதவில்லை. பழுது பார்க்கும் செலவோ புதிதாகக் கட்டும் செலவை நெருங்குகிறது. இடிக்கும் முன் அளந்துகொள்ளலாமா என்று கேட்டேன். சுபுஹுத் தொழுகை முடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை வந்து அளந்துகொள்ளுங்கள் என்று சாவியையே கையில் கொடுத்துவிட்டார். பத்து நாட்களாக என் காலைப் பொழுதுகள் அந்த வீட்டில்தான் கழிகின்றன.

இராமநாதபுரத்தில் கட்டட வடிவமைப்பாளனாகத் தொழில் செய்யும் என்னிடம், மதுரையிலும் சென்னையிலும் கட்டடக்கலை படிக்கும் நம் பகுதிப் பிள்ளைகள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது என்பது ஒன்று. இந்த ஆண்டு எந்த நிகழ்வுக்கு ஆயத்தமாவது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்து இப்போது என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. இந்தக் கரையில் டிஜிட்டல் கருவிகள் செய்ய வேண்டிய முதல் வேலை, நிற்பதை நின்றபடியே அளந்து வைப்பது. புதிய வீட்டுக்கு மினுமினுப்பான முப்பரிமாணப் படம் தயாரிப்பது அதற்கு அடுத்த வேலைதான்.

அளக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். போட்டோகிராமெட்ரி என்று பெயர் பெற்ற இம்முறைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கைப்பேசி கேமரா போதும். ஒரு பொருளைப் பல இடங்களில் நின்று படமெடுத்தால், பல படங்களில் பொதுவாகத் தெரியும் புள்ளிகளைக் கணினி அடையாளம் கண்டு, கேமரா எங்கெங்கே நின்றது என்பதையும் அந்தப் புள்ளிகள் முப்பரிமாண வெளியில் எங்கே இருக்கின்றன என்பதையும் கணக்கிட்டு, இலட்சக்கணக்கான புள்ளிகள் கொண்ட ஒரு திரளாகத் தருகிறது. அடுத்தடுத்த படங்கள் முக்கால் பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஒரே இடத்தில் நின்று கழுத்தைத் திருப்புவது போலக் கேமராவைத் திருப்பினால் பயனில்லை. சுவரை ஒட்டி நண்டு நகர்வது போலப் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து எடுக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் முற்றத்தில் நிழல் வெட்டிக்கொள்ளும் என்பதால் விடியற்காலை வெளிச்சமே நல்லது. புதிதாக வெள்ளையடித்த வழவழப்பான சுவரிலும் கண்ணாடியிலும் கணினிக்குப் பிடிமானம் கிடைக்காது. பழைய சுண்ணாம்புச் சுவரில் அந்தத் தொல்லை இல்லை. விரிசலும் கறையும் காரை உதிர்ந்த இடமும் அதற்கு நல்ல அடையாளங்கள்.

படங்களை மட்டும் கொடுத்தால் வீட்டின் உருவம் கிடைக்குமே தவிர, அதன் அளவு கிடைக்காது என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். சுவரில் கறுப்பு வெள்ளைக் குறிகள் இரண்டை ஒட்டி, அவற்றின் இடைவெளியை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஓர் எண்தான் மொத்த உருவத்துக்கும் அளவுகோல். நான் ஒவ்வோர் அறையிலும் இரண்டு இடங்களில் குறி ஒட்டி, ஒன்றை அளவு கொடுக்கவும் மற்றொன்றைச் சரிபார்க்கவும் வைத்துக்கொள்கிறேன். முன்கட்டில், சரிபார்க்கும் குறிகளை நாடாவால் அளந்ததற்கும் கணினி தந்ததற்கும் இடையே வந்த வேறுபாடு 6 மில்லிமீட்டர். ஒரே சுவரின் கனமே மேலும் கீழும் ஓர் அங்குலம் மாறும் வீட்டுக்கு இது தாராளமாகப் போதும்.

படங்களைச் சேர்த்துத் திரளாக்க மெஷ்ரூம், கோல்மேப் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. திரளை வேண்டிய இடத்தில் வெட்டிக் குறுக்குவெட்டுத் தோற்றம் எடுக்கக் கிளவுட்கம்பேர் இருக்கிறது. வரைபடமாக்க ஃப்ரீகேட் அல்லது பிளெண்டர் போதும். ஆட்டோகேட் 1982-இல் வெளிவந்த காலத்திலிருந்து நம் தொழில் அதன் கோப்பு வடிவத்தையே சுற்றி வளர்ந்திருக்கிறது. நானும் அதில்தான் கைபழகியவன். ஆயினும், மாணவர் ஒருவர் கல்லூரி உரிமம் முடிந்த மறுநாளும் திறந்து பார்க்கக்கூடிய கருவியை ஒன்றாவது பழகி வைத்திருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறோர் ஊரில் மரத்தூண்கள் நிறைந்த ஒரு வீட்டை, மாதச் சந்தா கட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றில் நாள் முழுக்க ஸ்கேன் செய்தேன். வேலை எளிதாக இருந்தது, உருவம் அழகாக வந்தது, எல்லாம் அந்த நிறுவனத்தின் சர்வரிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பின்னர் அந்தச் சேவையை நிறுத்திவிட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் அதைப் பார்ப்பதற்குள் கோப்புகளை எடுத்துக்கொள்ளத் தந்திருந்த கெடு கடந்துவிட்டது. அந்த வீடும் இப்போது இல்லை. அதன் தூண் போதிகையில் (தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் பகுதி) இருந்த வாழைப்பூச் செதுக்கலைக் காட்ட என்னிடம் எஞ்சியிருப்பவை மங்கலான மூன்று திரைப்பிடிப்புகள்தாம். அன்றிலிருந்து மூலப் படங்களை இரண்டு வன்தட்டுகளில் வைக்கிறேன்; புள்ளித் திரளைப் பிஎல்ஒய், இ57 போன்ற பொது வடிவங்களிலும், கட்டட மாதிரியை ஐஎஃப்சி வடிவத்திலும் சேமிக்கிறேன். ஐஎஃப்சி ஐஎஸ்ஓ 16739 என்ற பன்னாட்டுத் தரமாக இருப்பதால் எந்த ஒரு நிறுவனத்தின் ஆயுளையும் அது நம்பியிருக்கவில்லை.

கருவி அறியாதது ஒன்றும் உண்டு. நான்காம் நாள் எனக்கு உதவியாகக் கொத்தனார் அண்ணன் ஒருவர் வந்திருந்தார். அறுபதைக் கடந்தவர், சிறுவயதில் சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்தவர். மடிக்கணினித் திரையில் சுவரைச் சுழற்றிக் காட்டியபோது மரியாதையோடு பார்த்துவிட்டு, எழுந்து போய் அதே சுவரின் அடியில், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குள், கட்டைவிரலால் மெல்ல அழுத்தி இழுத்தார். மாவு போல வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்தார். “தம்பி, இது உப்புக் குடிச்ச சுவரு. மேல சிமெண்டைப் பூசுனதுனாலதான் இந்தக் கதி. சுண்ணாம்பா இருந்திருந்தா ஈரம் வெளியே போயிருக்கும்” என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. நிலத்தடி ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியேற விடுகிறது. அடர்த்தியான சிமெண்டுப் பூச்சு அதைத் தடுத்துவிடுவதால், பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, படிகம் பெருத்துக் கல்லையே உடைக்கிறது. என் திரளில் அந்த இடம் நேரான, குறையற்ற சுவராகவே பதிவாகியிருந்தது. இப்போது ஒவ்வொரு சுவரின் மீதும் தட்டிப் பார்த்த ஓசை, ஈரம் ஏறிய உயரம், பூச்சின் வகை ஆகியவற்றைத் தமிழிலேயே குறிப்பாக இணைத்து வருகிறேன்.

அந்தக் கடற்கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் பார்களிலிருந்து (கடலடிப் பவளத் திட்டுகள்) பவளக் கல்லை வெட்டி எடுத்து வீடு கட்டுவதும் சுண்ணாம்பு சுடுவதும் ஒரு காலத்தில் இக்கரை முழுவதும் நடந்தது. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது: 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீருக்குள் போய்விட்டன, பவளம் வெட்டியது அதற்கு முக்கியக் காரணம். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது; 2001-இல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இனி ஒரு கல்லும் கடலிலிருந்து வரக்கூடாது, வரவும் வேண்டாம். அதனாலேயே சுவரில் ஏற்கெனவே இருக்கும் கல் ஒவ்வொன்றும் திரும்பக் கிடைக்காத பொருளாகிறது. அதை உடைத்துப் பள்ளம் நிரப்பக் கொட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் பொறுக்கவில்லை.

கைப்பேசியிலேயே, லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் உணரி வந்துவிட்டதையும் (2020 முதல் வந்த ஐபோன் ப்ரோ வகைகளில் இருக்கிறது), படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சியை உண்டாக்கும், 2023-இல் அறிமுகமான காசியன் ஸ்பிளாட்டிங் முறையையும் பற்றிப் பலர் கேட்கிறார்கள். லைடார், அறையின் ஒட்டுமொத்த அளவை விரைவாக எடுக்கப் பயன்படும். சில சென்டிமீட்டர் பிழையை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஸ்பிளாட்டிங் தரும் காட்சி கண்ணுக்கு மிக இனிது. ஆனால் அதிலிருந்து நிலைக்கதவின் அகலத்தை நம்பி எடுக்க மாட்டேன். ட்ரோன் குறித்து ஒரே எச்சரிக்கை: உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது, இது எல்லைக் கடலும் கூட. ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தைப் பார்க்காமலும் அனுமதி பெறாமலும் எதையும் பறக்கவிட வேண்டாம். வீட்டின் உட்கட்டுப் படங்களை இணையத்தில் ஏற்றுவதும் இதைப் போன்றதே. பெண்கள் புழங்கும் பின்கட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும் வாசல் இந்த வீட்டிலும் இருக்கிறது. அதை வரைபடத்தில் குறித்திருக்கிறேன், வீட்டாரின் சம்மதம் இல்லாமல் வெளியில் காட்ட மாட்டேன்.

இனி நிகழ்வுகள். 2026 ஜூன் 28 முதல் ஜூலை 2 வரை பன்னாட்டுக் கட்டடக்கலைஞர் ஒன்றியத்தின் உலக மாநாடு பார்சிலோனாவில் நடைபெறுகிறது. அந்நகரம் இவ்வாண்டு உலகக் கட்டடக்கலைத் தலைநகராகவும் அறிவிக்கப்பட்டுள்ளது. கட்டடக்கலைஞர் கௌடி மறைந்து நூறு ஆண்டுகள் நிறைவதும் இந்த ஜூனில்தான். அவர் ஒரு தேவாலயத்தின் வளைவுகளைக் கண்டறிய, கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளைக் கட்டி, தானாக உண்டாகும் தொய்வைப் படமெடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். தொய்வில் இழுவிசை மட்டுமே இருப்பது போல, தலைகீழாக்கிய கமானில் அழுத்தவிசை மட்டுமே இருக்கும் என்பதே அதன் சூட்சுமம். கடற்கரையில் இரண்டு கம்பங்களுக்கு இடையே காயும் வலைக்கயிற்றின் தொய்வைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இன்று கிராஸ்ஹாப்பர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் அதே தொய்வை எண்களால் உண்டாக்குகிறார்கள். கௌடியின் மற்றொரு தேவாலயமான சாக்ரதா ஃபமீலியாவைக் கட்டி முடிக்க, விமானம் வடிவமைக்க உருவான மென்பொருளை 1990-களிலேயே பயன்படுத்தத் தொடங்கினார்கள். பார்சிலோனாவுக்குப் போகும் வசதி நம்மில் பலருக்கு இல்லை. நூலும் ஈயக் குண்டும் எல்லாருக்கும் கிடைக்கும். கோடை விடுமுறையில் செய்து பாருங்கள்.

அக்டோபர் 5, முதல் திங்கட்கிழமை, உலகக் கட்டடக்கலை நாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். எனக்கு இவற்றைவிட முக்கியமானது ஏப்ரல் 18, நினைவுச் சின்னங்களுக்கான பன்னாட்டு நாள். இவ்வாண்டு அது சனிக்கிழமையில் வருகிறது. அன்று காலை தனுஷ்கோடியில், 1964 டிசம்பர் புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களை வெளியில் நின்றபடியே படமெடுக்கப் போகிறேன். அதுவும் கடற்கல் கட்டடம்தான். உப்புக் காற்று அதை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அரிக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில், அதே இடங்களில் நின்று எடுத்து, இரண்டு ஆண்டுகளின் திரள்களைக் கிளவுட்கம்பேரில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால், எந்தச் சுவர் எவ்வளவு தேய்ந்தது என்பதை நிற வேறுபாடாகவே பார்க்கலாம். எந்தச் சுவரை முதலில் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதை அப்போது அளவோடு சொல்ல முடியும். 1914-இல் திறக்கப்பட்டு 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோன பழைய பாம்பன் பாலத்துக்கும் இத்தகைய பதிவு அவசரமாக வேண்டும். ஆட்கள் நெம்புகோலைத் தள்ளித் திறந்த அந்தத் தூக்குப் பகுதியின் இயக்கத்தை, இரும்பு இருக்கும்போதே அளந்துவைக்க உரிய அனுமதி கேட்டு எழுதப்போகிறேன்.

கீழக்கரை வீட்டில் மாடிப்படியும் கிணற்றடியும் இன்னும் மீதியிருக்கின்றன. முன்கட்டின் குறுக்குவெட்டை அடி, அங்குலக் கணக்கில், பெயர்களைத் தமிழில் எழுதி, ஏ3 தாளில் அச்செடுத்துக் கொத்தனார் அண்ணனிடம் நேற்றுக் கொடுத்தேன். திண்ணையில் விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தவர், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நான் நேர்கோடாக வரைந்திருந்த மேல்தளத்தின் மீது முற்றத்தை நோக்கிச் சரியும் ஒரு கோட்டைப் போட்டார். மழைநீர் வழிவதற்காக விட்ட வாட்டம் அது என்றார். மீண்டும் ஏறி ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டு அடிக்கு இரண்டு அங்குலம் இருந்தது.