போல்ட் ஆலையின் கார்பன் கணக்கு: முதல் கடிதம் முதல் சரிபார்ப்புக்கான ஆயத்தம் வரை

ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போல்ட்டும் திருகும் ஏற்றுமதி செய்யும் ஓர் ஆலைக்கு ஆற்றல் தணிக்கையாளராக நான் பணியாற்றி வருகிறேன். 2023ஆம் ஆண்டின் இறுதியில் அந்த ஆலையின் சரக்கை வாங்கும் இறக்குமதியாளர் ஒரு கடிதம் அனுப்பினார். கார்பன் எல்லைச் சரிக்கட்டு விதி (ஒன்றியத்துக்குள் இறக்குமதியாகும் பொருள்களின் உற்பத்தியில் வெளியான கார்பனுக்கு விலை விதிக்கும் ஐரோப்பிய விதி) 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டதாகவும், அதன்படி ஒவ்வொரு டன் சரக்கிலும் அடங்கியுள்ள கரியமில வாயு உமிழ்வின் அளவைக் காலாண்டுதோறும் தர வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். மின்கட்டணத்தைக் குறைக்கும் பணிகள் ஆலையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததால், அந்தப் புள்ளிவிவரங்களையே சற்று மாற்றி எழுதிக் கொடுத்தால் போதும் என்று உரிமையாளர் எண்ணினார். ஆற்றல் சேமிப்புக்கும் கார்பன் விதிக்கும் ஒரே மீட்டர் பதிவுகள்தான் அடிப்படை என்பது உண்மை. ஆனால் எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் இரண்டும் வெவ்வேறு பாதையில் செல்கின்றன. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே புரிந்துகொள்ளும் நிறுவனங்கள் தேவையற்ற செலவிலிருந்து தப்பலாம் என்பதால்தான் எங்கள் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, நம் பொருள் விதிக்குள் வருகிறதா என்பதை. சிமெண்ட், இரும்பு மற்றும் எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகிய ஆறு துறைகளுக்கு மட்டுமே இவ்விதி பொருந்துகிறது. அவற்றுக்குள்ளும் சுங்கக் குறியீடே முடிவு செய்கிறது. போல்ட், நட், திருகு, வாஷர் ஆகியவை 7318 என்ற தலைப்பின்கீழ் வருவதால் எங்கள் சரக்கில் பெரும்பகுதி உள்ளே வந்தது. அதே ஆலை அனுப்பும் வேறு சில பாகங்கள் பட்டியலில் இல்லாததால் அவற்றுக்குக் கணக்கு தரவேண்டிய தேவை எழவில்லை. அறிக்கையைத் தாக்கல் செய்யும் பொறுப்பு இறக்குமதியாளருடையது என்பதையும், ஆலை தர வேண்டியது அதற்கான தரவை மட்டுமே என்பதையும் உரிமையாளருக்கு விளக்கியதும் அவருடைய பதற்றம் பெருமளவு தணிந்தது. தரவை எழுதுவதற்கான எக்செல் படிவத்தை ஐரோப்பிய ஆணையமே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அந்த நாள்களில் பல நிறுவனங்கள் விலையுயர்ந்த மென்பொருளை விற்க முன்வந்தன. ஓர் உலைக்கூடமும் சில வகைக் கம்பிகளும் உள்ள ஆலைக்கு அந்தப் படிவமே போதும் என்று நான் உறுதியாகச் சொன்னேன். இன்றும் என் கருத்து அதுதான்.

அடுத்தது எல்லை வகுத்தல். ஆலைக்குள் எரிபொருள் எரிவதால் உண்டாவது நேரடி உமிழ்வு. பயன்படுத்தும் மின்சாரத்தின் பின்னால் இருப்பது மறைமுக உமிழ்வு. இதுவரை எல்லோரும் அறிந்ததே. நுணுக்கம் ஓரங்களில்தான் இருக்கிறது. சரக்கை நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் குடிக்கும் டீசலை எல்லை விதியின் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் நிறுவனங்கள் பரவலாகப் பின்பற்றும் பசுங்குடில் வாயு நெறிமுறையின்படி அது முதல் வகை உமிழ்வில், அதாவது நிறுவனமே நேரடியாக வெளியிடும் உமிழ்வில், கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆகவே ஒரே டீசல் பில்லை ஒரு கணக்கில் எழுதவும் மற்றொன்றில் விடவும் நேர்கிறது. எந்தப் பதிவு எந்தக் கணக்குக்கு உரியது என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஆலை மேலாளர், கணக்கர், உலை மேற்பார்வையாளர் மூவரிடமும் கையொப்பம் பெற்றுக்கொண்டோம். பின்னர் வந்த கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பக்கமே துணையாக நின்றது.

எரிவாயுக் கணக்கில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. இயற்கை எரிவாயுவின் உமிழ்வுக் காரணி ஒரு ஜிகாஜூலுக்கு 56.1 கிலோ கரியமில வாயு என்று பன்னாட்டு வழிகாட்டுதல்கள் தருகின்றன. அது நிகர வெப்ப மதிப்பை, அதாவது எரியும்போது உண்டாகும் நீராவியோடு வெளியேறும் வெப்பத்தைச் சேர்க்காத மதிப்பை, அடிப்படையாகக் கொண்டது. எரிவாயு விற்பவரின் பில்லோ பெரும்பாலும் அந்த வெப்பத்தையும் சேர்த்த மொத்த வெப்ப மதிப்பில் வருகிறது. இயற்கை எரிவாயுவைப் பொறுத்தவரை நிகர மதிப்பு அதைவிடச் சுமார் பத்து விழுக்காடு குறைவு. பில்லில் உள்ள எண்ணை அப்படியே எடுத்து 56.1ஆல் பெருக்கினால், ஆலை உண்மையில் வெளியிடாத கார்பனுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டதாகிவிடும். வெப்ப மதிப்பு எந்த அடிப்படையில் தரப்பட்டது என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

உலைக்கூடத்தில் இன்னொன்றையும் பார்த்தோம். போல்ட்டைக் கடினப்படுத்தும் உலைக்குள் எஃகின் மேற்பரப்பு கெடாமல் இருக்கக் காப்பு வாயு செலுத்தப்படுகிறது. இயற்கை எரிவாயுவையும் காற்றையும் வினையூக்கியின் மேல் செலுத்தி அதை உண்டாக்குவார்கள், அல்லது நைட்ரஜனோடு மெத்தனாலைச் சொட்டவிடுவார்கள். இதை எரிபொருள் என்று யாரும் நினைப்பதில்லை. கொள்முதல் பதிவேட்டிலும் அது வேதிப்பொருள் என்ற தலைப்பில்தான் இருக்கும். ஆயினும் அதிலுள்ள கார்பன் உலையின் வாயிலில் தீச்சுடராக எரிந்து காற்றில்தான் கலக்கிறது. ஒரு கிலோ மெத்தனால் முழுமையாக எரிந்தால் 1.375 கிலோ கரியமில வாயு வரும். பர்னர்களுக்குச் செல்லும் வாயுவுக்கும் காப்பு வாயுவுக்கும் தனித்தனி மீட்டர் பொருத்தியது இந்தக் கணக்குக்காகத்தான். அது ஆற்றல் சேமிப்புக்கும் பெரிதும் உதவியது, ஏனெனில் காப்பு வாயுவின் ஓட்டம் தேவையைவிட மிகையாக வைக்கப்பட்டிருந்தது அதற்குமுன் எவருக்கும் தெரியவில்லை.

இவ்வளவும் ஆலையின் மதிலுக்குள் முடிந்துவிடக்கூடிய வேலை. உண்மையான கடினம் வாங்கும் கம்பியில் இருந்தது. விதியின்படி போல்ட் ஒரு கூட்டுப்பொருள். அதாவது அது எந்தக் கம்பியிலிருந்து செய்யப்பட்டதோ அந்தக் கம்பியில் அடங்கிய உமிழ்வும் போல்ட்டின் கணக்கில் சேரும். இரும்புத் தாதுவை ஊதுலையில் உருக்கிச் செய்த எஃகு டன்னுக்கு இரண்டு டன்னுக்கும் மேல் கரியமில வாயுவைச் சுமந்து வருகிறது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கிச் செய்த எஃகு பொதுவாக ஒரு டன்னுக்கும் குறைவாகவே சுமக்கிறது. ஊதுலைக் கம்பியிலிருந்து செய்யும் போல்ட்டில் எங்கள் ஆலை சேர்க்கும் பங்கு மிகச் சிறியது என்பதும், பெரும்பகுதி கம்பிச் சுருளோடு வாசலுக்குள் வந்துவிடுகிறது என்பதும் முதல் கணக்கிலேயே தெளிவாயின.

2024 ஜூலை 31 வரை ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட பொது மதிப்புகளையே கம்பிக்குப் பயன்படுத்த அனுமதி இருந்தது. அதன்பிறகு கூட்டுப்பொருளின் மொத்த உமிழ்வில் இருபது விழுக்காடு வரை மட்டுமே மதிப்பீடாக இருக்கலாம் என்றானது. கம்பியின் பங்கே அந்த வரம்பைப் பலமடங்கு தாண்டுவதால், எஃகு ஆலையின் உண்மையான தரவு இல்லாமல் எங்களால் தரவு தரவே முடியாத நிலை அப்போது இருந்தது. நாங்கள் கம்பியை வாங்குவதோ இடைத்தரகரிடமிருந்து. அவருக்குக் கார்பன் கணக்கு தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. இங்கே கைகொடுத்தது சோதனைச் சான்றிதழில் அச்சிடப்பட்டிருக்கும் உருக்கு எண், அதாவது எஃகு ஆலை ஒவ்வொரு முறை உருக்கும் தொகுதிக்கும் தரும் அடையாள எண். அந்த எண்ணைப் பின்தொடர்ந்து எந்த ஆலையில் உருக்கப்பட்டது என்று கண்டுபிடித்து, அந்த ஆலைகளுக்கே நேரடியாக எழுதினோம். பெரிய ஆலைகள் சிலவற்றில் இதற்கென ஆள் இருந்ததால் விடை விரைவில் வந்தது. ஓர் ஆலை முழு நிறுவனத்தின் சராசரியாக ஒரே ஓர் எண்ணை மட்டும் அனுப்பியது. விதி கேட்பது குறிப்பிட்ட உற்பத்தி இடத்தின் எண் என்று விளக்கித் திருப்பி அனுப்பினோம். பதிலே தராத விற்பனையாளரிடம் ஏற்றுமதிச் சரக்குக்கான கம்பியை வாங்குவதை நிறுத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பல ஆண்டு உறவை முறித்துக்கொள்வது உரிமையாளருக்கு வருத்தம் தந்தது. இப்போது கொள்முதல் ஆணையிலேயே உமிழ்வுத் தரவு தர வேண்டும் என்ற நிபந்தனை அச்சிடப்பட்டுள்ளது. இந்த நிபந்தனையை முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள் என்று என்னிடம் ஆலோசனை கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கம்பியின் கணக்கைச் செய்யும்போதுதான் இந்தப் பணியிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி வெளிப்பட்டது. ஒரு டன் போல்ட் செய்ய 1.08 டன் கம்பி தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதியுள்ள 0.08 டன் துண்டும் கழிவுமாக ஸ்க்ராப்பில் போகிறது. விதியின்படி ஸ்க்ராப் எந்த உமிழ்வையும் தன்னோடு எடுத்துச் செல்வதில்லை, 1.08 டன் கம்பியின் முழுச் சுமையும் நல்ல போல்ட்டின் தலையில்தான் விழுகிறது. கம்பி டன்னுக்கு இரண்டு டன் கரியமில வாயுவைச் சுமக்கிறது எனில், ஸ்க்ராப்பைக் குறைத்துத் தேவையை 1.05 டன்னாக்கினால் ஒரு டன் போல்ட்டுக்கு 60 கிலோ குறையும். ஒரு டன் எஃகை அறை வெப்பத்திலிருந்து கடினப்படுத்தும் வெப்பநிலையான ஏறத்தாழ 900 டிகிரிக்குக் கொண்டுவர எஃகுக்குள் செல்லவேண்டிய வெப்பம் சுமார் 0.6 ஜிகாஜூல், அதை இயற்கை எரிவாயுவால் சிறிதும் இழப்பின்றித் தருவதாகக் கொண்டாலும் வெளிவருவது 34 கிலோதான். ஆக, கம்பியை வெட்டிப் போல்ட்டின் தலையை உருவாக்கும் ஹெடிங் மெஷினில் வெட்டும் நீளத்தைச் சரியாக அமைப்பதும், அச்சு தேயுமுன் மாற்றிக் கழிவாகும் போல்ட்டைக் குறைப்பதும் உலையில் செய்யும் எந்தச் சீர்திருத்தத்துக்கும் இளைத்தவையல்ல. தரக் கட்டுப்பாட்டுத் துறையை ஆற்றல் குழுவின் கூட்டத்துக்கு அழைக்கத் தொடங்கியது இதன் பிறகே.

உலையையும் நாங்கள் விட்டுவிடவில்லை. புகைப்போக்கியில் ஆக்சிஜனை அளந்து, பர்னருக்குச் செல்லும் மிகைக் காற்றைக் குறைத்தோம். புகையில் 8 விழுக்காடு ஆக்சிஜன் இருந்தால் தேவையைவிட அறுபது விழுக்காடு அளவுக்குக் காற்று கூடுதலாகச் செல்கிறது என்று பொருள். அந்தக் காற்றையும் சூடாக்கி வெளியே விட்டுக்கொண்டிருப்போம். ஆர்டர்களை வரிசைப்படுத்தி, போல்ட்டை உலைக்குள் ஏற்றிச் செல்லும் பட்டை வெறுமையாக ஓடும் நேரத்தைக் குறைத்ததில் செலவே இல்லை.

மின்சாரத்தின் கதை வேறு. வாரந்தோறும் செலவான யூனிட்டையும் உற்பத்தியான டன்னையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்து அவற்றினூடே ஒரு கோடு வரைந்து பார்த்தோம். உற்பத்தி பூஜ்யமாக இருக்கும் இடத்திலும் அந்தக் கோடு கணிசமான உயரத்தில் நின்றது. எதுவும் உற்பத்தியாகாதபோதும் ஓடிக்கொண்டிருப்பது எது என்று தேடினால், பெரும்பாலும் இயந்திரங்களுக்கு அழுத்தக் காற்றைத் தரும் கம்ப்ரசரில்தான் போய் முடியும். விடுமுறை நாளில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசர் காற்றை நிரப்பும் நேரத்தையும் சும்மா ஓடும் நேரத்தையும் கடிகாரம் வைத்துக் குறித்தாலே கசிவின் அளவு தெரிந்துவிடும். கசிவுகளை அடைத்த பிறகு அழுத்தத்தையும் ஒரு பார் குறைக்க முடிந்தது. ஏழு பார் அளவில் இயங்கும் கம்ப்ரசரில் அந்த ஒரு பார் குறைப்பே சுமார் ஆறேழு விழுக்காடு மின்சாரத்தை மிச்சப்படுத்தும். குளிர்விக்கும் மின்விசிறிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தினோம். விசிறியின் வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் அது இழுக்கும் மின்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இந்தச் சேமிப்பு மின்கட்டணத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இங்கேதான் இரண்டு கணக்குகளும் பிரிகின்றன. 2025 டிசம்பரோடு முடிந்த இடைக்காலத்தில் மறைமுக உமிழ்வையும் அறிக்கையில் தர வேண்டியிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் தொடங்கிய நிலையான கட்டத்தில் போல்ட் போன்ற எஃகுப் பொருள்களுக்கு நேரடி உமிழ்வு மட்டுமே கணக்கில் வருகிறது. கூரையில் சூரிய மின்தகடு அமைத்தால் எல்லை வரி குறையும் என்று ஒரு விற்பனையாளர் உரிமையாளரிடம் உறுதியளித்திருந்தார். அது குறையாது. மின்தகடு மின்கட்டணத்தைக் குறைக்கும். வாங்குபவர் தம்முடைய மூன்றாம் வகை உமிழ்வை (வாங்கும் பொருள்கள் போன்றவற்றின் வழியே வரும் உமிழ்வை) கணக்கிடும்போதும் உதவும். அந்தப் பலன்களுக்காக அதை அமைக்கலாம் என்றுதான் நானும் எழுதிக் கொடுத்தேன். எந்த முதலீடு எந்தக் கணக்கைக் குறைக்கும் என்பதைத் தனித்தனியே காட்டிய பிறகே உரிமையாளரால் நம்பிக்கையோடு முடிவெடுக்க முடிந்தது.

ஆண்டுக்கு 50 டன்னுக்கு மிகாமல் இறக்குமதி செய்வோருக்கு 2025இல் விலக்கு அளிக்கப்பட்டதால், எங்களிடம் வாங்கும் சிறிய வணிகர் ஒருவர் விதியிலிருந்து வெளியேறினார். அவரும் தரவு கேட்பதை நிறுத்தவில்லை. தம் வாடிக்கையாளருக்கு அதைக் காட்ட வேண்டியிருக்கிறது என்றார்.

2026ஆம் ஆண்டுக்கான சரக்குக்கு இறக்குமதியாளர் 2027 செப்டம்பர் 30க்குள் அறிக்கை தரவேண்டும். ஆலையின் உண்மையான எண்களைப் பயன்படுத்த வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் அவற்றை ஆய்வு செய்திருக்க வேண்டும். இல்லையெனில் கூடுதல் சுமை ஏற்றப்பட்ட பொது மதிப்புகளே கணக்கில் கொள்ளப்படும். அதற்காக எரிவாயு மீட்டர்களின் அளவுத்திருத்தச் சான்றிதழ்கள், எடைமேடைப் பதிவுகள், ஆண்டிறுதிக் கையிருப்பு, ஸ்க்ராப் விற்பனை ரசீதுகள் ஆகியவற்றை மாதந்தோறும் ஒரே கோப்பில் சேர்த்துவருகிறோம். வாங்கிய கம்பியும், அனுப்பிய போல்ட்டும், விற்ற ஸ்க்ராப்பும், கையிருப்பும் கூட்டிக் கழித்தால் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத மாதத்தில் ஸ்டோர் பொறுப்பாளரும் உலை மேற்பார்வையாளரும் உட்கார்ந்து காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து எழுதிவைக்கிறார்கள். இன்னும் முழுமையாகத் தீராத ஒன்று உண்டு: வெவ்வேறு ஆலைகளின் கம்பியிலிருந்து செய்த போல்ட்டுகள் வெப்பப் பதப்படுத்தலுக்குச் செல்லும் தொட்டிகளில் கலந்துவிடுகின்றன. ஒவ்வொரு தொட்டியின் அட்டையிலும் உருக்கு எண்ணை எழுதும் முறையை ஏற்றுமதி வரிசையில் தொடங்கியிருக்கிறோம். சரிபார்ப்பாளர் வருவதற்குள் மற்ற வரிசைகளுக்கும் அதைக் கொண்டுசெல்ல வேண்டும்.