சிவில் நீதிபதித் தேர்வு: சாட்சியப் பகுதியை மொழிபெயர்க்க நான் பழகிய விதம்

முதன்மைத் தேர்வுப் பட்டியலில் என் பதிவெண் வந்துவிட்டது. பார்த்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். வாய்மொழித் தேர்வு இன்னும் பாக்கி. அதற்குள் தேவகோட்டை, காரைக்குடி, திருப்பத்தூர் பக்கத்து ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். சட்டத் தாள்கள் மூன்றுக்கும் வழிகாட்டப் பலர் இருக்கிறார்கள். நான் மொழிபெயர்ப்புத் தாளை மட்டும் சொல்கிறேன், அதிலும் டெப்பொசிஷனை, அதாவது கோர்ட்டில் சாட்சி சொன்னதன் பதிவைத்தான்.

நான் போன பயிற்சி மையத்தில் "தமிழ்தானே, பார்த்துக்கலாம்" என்று அந்தத் தாளை ஒதுக்கினார்கள். அதற்கும் 100 மதிப்பெண், சட்டத் தாள் ஒவ்வொன்றுக்கும் 100. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒருவர் சொன்னதாக எது வந்தாலும் மூன்றைக் கேளுங்கள். பிரமாணம் எடுத்துச் சொன்னாரா? யார் முன்னால் சொன்னார்? குறுக்கு விசாரணை நடந்ததா? மொழிபெயர்ப்புத் தாளும் சாட்சியச் சட்டமும் எனக்கு ஒரே பாடமானது இந்தக் கேள்விகளால்தான். அடைப்புக்குறிக்குள் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை முதலிலும் புதிய சட்டத்தின் எண்ணை அடுத்தும் தருகிறேன். மரண வாக்குமூலம் மட்டும் சாட்சியச் சட்டம், மற்றவை குற்றவியல் நடைமுறைச் சட்டம்:

- 'டெப்போஸ்டு' என்றால் 'சாட்சியம் அளித்தார்'. 'கூறினார்', 'தெரிவித்தார்' என்று எழுதினால் பிரமாணம் காணாமல் போய்விடும். தலைவரையோ மன்னரையோ செய்ததாக வந்தால் மட்டும் 'பதவியிலிருந்து இறக்கினார்கள்'.
- 'டெப்போனென்ட்' பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடுபவர்.
- போலீஸ் விசாரணையில் சொன்னது (161, புதியதில் 180): பிரமாணம் இல்லை, சொன்னவர் கையெழுத்தும் இல்லை. வாக்குமூலம் என்று எழுதலாம், சாட்சியம் என்று எழுதவே கூடாது.
- மாஜிஸ்டிரேட் முன் சொன்னது (164, 183): சாட்சி என்றால் பிரமாணம் உண்டு. எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரை கோர்ட்டில் இப்படித்தான் சொல்வோம்) ஒப்புதல் வாக்குமூலம் என்றால் இல்லை.
- எதிரியை நீதிமன்றம் கேட்பது (313, 351): பிரமாணம் கிடையாது. அதே எதிரி தானே விரும்பித் தன் தரப்பு சாட்சியாகக் கூண்டேறினால் (315, 353) பிரமாணம் உண்டு.
- மரண வாக்குமூலம் (32(1), 26): பிரமாணமும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. ஆனாலும் ஏற்கத்தக்கது.

கடைசி வரியை மட்டும் விரித்து எழுதினாலே ஒரு பெரிய கேள்விக்கு விடை கிடைக்கும்.

நான் காதால் கேட்டுப் படிப்பவள். வீட்டில் உட்கார்ந்து சட்டப் புத்தகம் படித்தால் எனக்கு நிற்காது. சீனியரோடு கோர்ட்டுக்குப் போகும் நாளெல்லாம், எங்கள் வழக்கு இல்லாவிட்டாலும் விசாரணை நடக்கும் கோர்ட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் பக்கம் பாகப்பிரிவினை வழக்குக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள், அதில் பாதிப் பேர் வெளியூரில். ஒரு வழக்கில் வயதான ஆச்சி கூண்டில் நின்று, "எங்க மாமியார் சொன்னாக, ரெண்டாம் கட்டு எங்களுக்குத்தான்னு" என்றார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உடனே எழுந்துவிட்டார். வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும், பிறர் சொல்லக் கேட்டதாக இருக்கக் கூடாது என்ற சாட்சியச் சட்டப் பிரிவு 60 (புதியதில் 55) எனக்கு அன்றோடு பதிந்துவிட்டது.

சிவில் வழக்கில் முதல் விசாரணை, அதாவது சாட்சியை அழைத்த தரப்பே கேட்பது, இப்போது பிரமாணப் பத்திரமாகவே வருகிறது (சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 18 விதி 4, 2002 திருத்தம்). அது வக்கீல் ஆபீசில் அடித்த நடை. சாட்சியின் சொந்தப் பேச்சு குறுக்கு விசாரணையில்தான் வரும். அதனால் பயிற்சி முழுவதையும் குறுக்கு விசாரணையில் வையுங்கள். அங்கே கேள்வி தனியாகப் பதிவாவது அபூர்வம். கேள்வியும் பதிலும் சேர்ந்து சாட்சி சொன்ன ஒரே வாக்கியமாகிவிடும். "ரெண்டாம் கட்டு உங்க பங்குல சேராதுதானே?" என்று வக்கீல் கேட்டு சாட்சி மறுத்தால், "இரண்டாம் கட்டு என் பங்கில் சேராது என்று சொன்னால் சரியல்ல" என்று பதிவாகும். இந்த 'என்று சொன்னால் சரியல்ல' கைக்கு வராமல் தாளுக்குள் போகாதீர்கள். ஆங்கிலத்திலிருந்து வரும்போது பலர் 'என்று ஆலோசனை கூறுவது தவறு' என்று எழுதுகிறார்கள். எந்தக் கோர்ட்டிலும் அப்படி ஒரு வரி கிடையாது.

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு போன்ற எங்கள் பக்கத்து வீட்டுப் பகுதிகளின் பெயர்கள் ஆங்கிலத்துக்குப் போகும்போது அப்படியே எழுதி, ஒரே ஒரு முறை விளக்கம் கொடுங்கள். வளவை 'ஹால்' ஆக்கினால் நான்கெல்லையே குழம்பிவிடும்.

பிரமாணத்தைப் பற்றித் தனியாகப் படியுங்கள், வாய்மொழித் தேர்வுக்கும் அதைத்தான் தயார் செய்கிறேன். "குன்றக்குடியில வந்து சத்தியம் பண்ணச் சொல்லுங்க" என்று கட்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 1873 பிரமாணச் சட்டத்தில் அப்படி எதிராளியின் சத்தியத்துக்குக் கட்டுப்பட வழி இருந்தது. 1969 பிரமாணச் சட்டத்தில் அது இல்லை. கடவுள் பெயரில் பிரமாணம், இல்லையென்றால் உறுதிமொழி. 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு உண்மை சொல்ல வேண்டும் என்பது புரிந்து, பிரமாணத்தின் தன்மை புரியாவிட்டால், பிரமாணம் இல்லாமலே விசாரிக்கலாம். பிரமாணம் விடுபட்டாலும் சாட்சியம் செல்லும் (பிரிவு 7), உண்மை சொல்லும் கடமையும் போகாது (பிரிவு 8). இந்த இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

மற்றவை, வேகமாக:

- புதிய சாட்சியச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில். 118க்கு (யார் சாட்சி சொல்லலாம்) 124, 137க்கு (முதல், குறுக்கு, மறு விசாரணை) 142, 145க்கு (முன்பு எழுத்தில் சொன்னதைக் காட்டிக் குறுக்கு விசாரணை) 148, 154க்கு (தன் சாட்சியையே குறுக்கு விசாரணை போலக் கேட்பது) 157. இரண்டு எண்ணும் தெரிய வேண்டும்.
- வா.சா. (வாதி சாட்சி), பி.சா. (பிரதிவாதி சாட்சி), அ.சா. (அரசுத் தரப்பு சாட்சி) சுருக்கங்களைக் கலக்காதீர்கள்.
- பொய்ச் சாட்சிக்குத் தண்டனைச் சட்டத்தில் 193, புதியதில் 229. ஏழாண்டு வரை சிறை.
- தினம் ஒரு பக்கம், கையால், கடிகாரம் வைத்து. தட்டச்சில் பழகினால் தேர்வறையில் கை ஓடாது.

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் தீர்ப்புப் பகுதியைப் பற்றி எழுதுகிறேன்.