சூட்டில் பொய் சொன்ன சென்சார்

தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். வெப்பநிலை தப்பாகக் காட்டுகிறது என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வந்தால், உடனே ஸ்பேர் எடுக்க ஓடுகிற பையன்களை நிறுத்தித் திட்டுவதும் என் வேலையில் சேர்த்தி. "முதல்ல வயரைப் பாரு, அப்புறம் சென்சாரைப் பாரு."

அப்பேர்ப்பட்ட நான், என் சொந்தக் காரில் எதையும் அளந்து பார்க்காமல் நாலு ஸ்பார்க் பிளக் வாங்கி மாட்டினேன். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்புகிற வண்டி, டீ குடிக்க நிறுத்தினால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும். பிளக் மாற்றியும் அதே கதை. கழற்றிய பிளக்குகள் கரி பிடித்துக் கறுத்திருந்தன. அதைப் பார்த்தாவது யோசித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை, காரின் சென்சார் எண்களைப் படிக்கிற ஸ்கேனரைச் செருகி போனில் பார்த்தேன். இருபது நிமிடம் ஓடிய இன்ஜினில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம், 34 டிகிரியாம். ரேடியேட்டர் ஓஸில் கை வைக்க முடியவில்லை! வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ இந்தப் பழைய வண்டி செக் இன்ஜின் விளக்கைப் போட்டுவிடும். 34 என்பது நம்பும்படியான பொய், அதனால் விளக்கு எரியவில்லை. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து, இன்ஜினை நடத்துகிற கணினியான இசியூ பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ரேடியேட்டர் ஃபேனும் இந்த எண்ணை வைத்துத்தான் ஓட வேண்டும். ஏசி இல்லாமல் நான் ஓட்டுவதில்லை, அதனால் ஃபேன் சுற்றியது. இல்லாவிட்டால் செலவு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

கூலன்ட் சூட்டை அளக்கிற சென்சாரின் கனெக்டரைக் கழற்றினேன்: மைனஸ் 40. கனெக்டரின் இரண்டு முனையையும் துண்டு வயரால் இணைத்தேன்: எண் உச்சத்துக்கு ஏறியது. ஆலையில் தினமும் பார்க்கிற லூப் செக்தான்: சென்சாரை விலக்கிவிட்டு, வயரும் அதைப் படிக்கிற கருவியும் சரியா என்று பார்ப்பது. வயரும் இசியூவும் சரி, சென்சார்தான் போச்சு.

அடுத்த ஞாயிறு காலை, ஆறிய இன்ஜினில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு 19 எம்எம் சாக்கெட்டைப் போட்டேன். பழையதை எடுத்ததும் துளையை விரலால் அடைத்துக்கொண்டு புதியதைத் திருகினேன். ஒரு டம்ளர் கூலன்ட் தரையில் போனது. அலுமினிய மரை, இறுக்கிப் பிடித்தால் வழுக்கிவிடும். வாஷர் நன்றாகப் படிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

பழையதை என்ன செய்வது? பால் பாத்திரத்தில் வெந்நீர் வைத்தேன். "என்னங்க, ஆபீஸ் வேலையை அடுப்படிக்கும் கொண்டு வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஆலையில் இருக்கிற பிடி-100 வகை வெப்பநிலை சென்சார் சூடானால் ஓம், அதாவது மின்தடை, ஏறும், கொதிநீரில் 138.5. காரில் இருப்பது தெர்மிஸ்டர் என்கிற வேறு வகை, சூடானால் ஓம் இறங்க வேண்டும். காலையில் டப்பாவிலிருந்து எடுத்தபோது புதியது 1.7 கிலோ ஓம் காட்டியது, பழையதும் ஏறக்குறைய அதேதான். 80 டிகிரி வெந்நீரில் சுமார் 300 ஓமுக்கு இறங்கியிருக்க வேண்டிய பழையது, 1.4 கிலோ ஓமிலேயே நின்றது. குளிரில் உண்மை, சூட்டில் பொய். காலையில் மட்டும் ஒழுங்காகக் கிளம்பியதன் ரகசியம் அதுதான்.

கூலன்ட் ஊற்றி, ஏசியை அணைத்து, ஃபேன் தானாகச் சுற்றும் வரை பக்கத்திலேயே நின்றேன். சுற்றியது.

திங்கட்கிழமை பழைய சென்சாரைப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு சார்" என்றான். என் டீ டம்ளரை அவன் பக்கம் தள்ளினேன்.