அரியணை போன பிறகு எழுத உட்கார்ந்தவர்கள்

ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய டூன் என்ற அறிவியல் புனைகதை நாவல்களைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் பேச்சு நேராக பால் அட்ரெய்டிஸிடம் போய் நிற்கும். இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக மணற்புழுவாக மாறிக்கொண்டே 3,500 ஆண்டுகள் ஆண்ட அவன் மகன் இரண்டாம் லெட்டோவிடம். எனக்குப் பிடித்த இளவரசன் அவர்கள் இரண்டு பேருமே இல்லை. அவர்களிடம் தோற்றுப்போன கொரினோ வம்சத்து வாரிசு ஃபராடின்தான். 1976இல் வந்த மூன்றாவது நாவலில்தான் அவன் வருகிறான், படங்கள் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை, அதனால் படம் மட்டும் பார்த்தவர்களுக்கு அவனைத் தெரிய வாய்ப்பில்லை. கதையை உடைத்துத்தான் பேசப்போகிறேன், படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கொரினோக்கள் 10,000 ஆண்டுகளுக்கு மேல் பேரரசை ஆண்டவர்கள். கடைசியாக அரியணையில் இருந்த நான்காம் ஷதாமுக்கு ஐந்து பெண்கள், ஆண் வாரிசு இல்லை. அது தற்செயல் இல்லை. அவன் மனைவி பெனி ஜெஸரிட் என்ற ரகசியப் பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவள், பெண் பிள்ளைகளை மட்டும் பெறு என்று மேலிடம் சொன்னது, கேட்டாள். அதே உத்தரவு, அதே அமைப்பைச் சேர்ந்த ஜெஸிகாவுக்கும் வந்தது, அவள் கேட்கவில்லை, பால் பிறந்தான். ஒரு தாய் சொன்ன பேச்சைக் கேட்டதும் இன்னொரு தாய் கேட்காததும் சேர்ந்துதான் ஒரு வம்சத்தை இறக்கி இன்னொன்றை ஏற்றின. இத்தனை பெரிய போர், எல்லோரும் அடித்துக்கொள்ளும் மசாலா என்ற அரிய பொருள், மதம் எல்லாவற்றுக்கும் அடியில் இது இருக்கிறது என்பதை ஹெர்பர்ட் சத்தம் போடாமல் வைத்துவிட்டுப் போகிறார்.

ஷதாமின் மூத்த பெண் இருலான். 1965இல் வந்த முதல் நாவலில் அவள் நேரில் வருவது கடைசியில்தான், ஆனால் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அவள் எழுதிய ஒரு பத்தி இருக்கும். தோற்ற பேரரசரின் மகள், ஜெயித்தவனின் வாழ்க்கையை எழுதுகிறாள், நாம் அவள் கண் வழியாகத்தான் பாலைப் பார்க்க ஆரம்பிக்கிறோம். அந்தக் கல்யாணம் சமாதான ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து, அவ்வளவுதான். பாலின் மனசு முழுக்க சானி. பட்டத்து ராணி என்ற பெயர் மட்டும் இவளுக்கு. இரண்டாவது நாவலில், அடுத்த வாரிசு தன் வயிற்றில்தான் பிறக்க வேண்டும் என்ற ஆசையில், சானிக்குத் தெரியாமல் அவள் சாப்பாட்டில் கருத்தடை மருந்து கலக்கிறாள். அது மன்னிக்கக்கூடிய காரியம் இல்லை. ஆனால் சானி இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுவிட்டு இறந்த பிறகு, அந்தப் பிள்ளைகள் லெட்டோவையும் கனிமாவையும் வளர்க்கப் பக்கத்தில் நின்றதும் இதே இருலான்தான்.

சரி, ஃபராடினுக்கு வருகிறேன். ஷதாமின் மூன்றாவது மகள் வென்சிசியாவின் பையன் அவன். குடும்பமே சலூசா செகுண்டஸ் என்ற வறண்ட கிரகத்தில் நாடு கடத்தப்பட்டுக் கிடக்கிறது. அம்மாவுக்கு மகனை அரியணையில் ஏற்றியே ஆகவேண்டும். மகனுக்கோ வரலாற்றுப் புத்தகங்கள் போதும். அம்மா இரட்டையர்களுக்குப் பரிசாக உடுப்பு அனுப்புகிறாள், அந்த உடுப்பைப் பார்த்தால் பாயும்படி பழக்கிய புலிகளையும் பின்னாலேயே அனுப்புகிறாள். எல்லாம் மகன் பேரில். விஷயம் தெரிந்ததும் அவன் அம்மாவைப் பகிரங்கமாகக் குற்றம் சொல்லி விலக்கிவைக்கிறான். அதில் அரசியல் கணக்கும் இருக்கிறது, ஜெஸிகா பக்கத்திலிருந்து வழிகாட்டுகிறாள், இல்லை என்று சொல்லவில்லை.

ஜெஸிகா அவனுக்குப் பாடம் நடத்தும் இடம்தான் எனக்கு அந்த நாவலிலேயே உயிரான இடம். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்தக் கை கிழவனின் கையாகத் தோலெல்லாம் சுருங்க வேண்டும், அப்புறம் பிறந்த குழந்தையின் கையாகத் திரும்ப வேண்டும், எல்லாம் மனசால். ஆரம்பத்தில் ஒன்றும் நடப்பதில்லை, அவனுக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் விடாமல் உட்காருகிறான். படைக்குத் தலைமை தாங்கப் பிறந்த ஒருவன் ஒரு கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான், ஹெர்பர்ட் அதற்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கிறார். கடைசியில் தன் தாத்தாவின் சர்தாகர் படையை அவனே லெட்டோவிடம் ஒப்படைத்துவிட்டு அரசவை எழுத்தராகிறான். அவனுக்கு லெட்டோ வைக்கும் பெயர் ஹர்க் அல்-அதா. அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் நாவலின் முன்பகுதியிலிருந்தே ஹர்க் அல்-அதா எழுதியது என்று போட்ட மேற்கோள்களைப் படித்துக்கொண்டே வந்திருக்கிறோம். யாரோ பிற்காலத்து ஆசிரியர் என்று நினைத்துத் தாண்டி வந்த பெயர் இந்தப் பையனுடையது.

நீலகிரியில் பந்தலூர் பக்கம் எங்கள் ஊரில் ஆடி மழையில் இரவு ஏழு மணிக்கு மேல் யாரும் வெளியே போக மாட்டார்கள். மழை ஒரு பக்கம், யானை ஒரு பக்கம். கரண்டும் போய்விட்டால் அப்பாயிக்குக் கதை சொல்லியே ஆகவேண்டும். அப்படித்தான் அவருக்கு ஃபராடின் கதையைச் சொன்னேன், கிரகங்களை நாடுகளாக்கி.

"ஏன் தம்பி, நாட்டைப் புடுங்குனவன் கதையவா இவன் உக்காந்து எழுதுறான்?"

"ஆமா அப்பாயி."

"இவனுக்குச் சோறு யாரு போடுறா?"

"அந்த ராசாதான்."

"அப்ப இவன் எழுதுனதுல பாதிதான் நெசம்."

நான் இத்தனை காலம் கேட்காத கேள்வி அது. இருலானும் பாலின் அரண்மனைச் சோற்றில்தான் எழுதினாள். அதனால் அவள் எழுத்தைப் பிரசாரம் என்று ஒதுக்கிவிடலாமா? என்னால் முடியவில்லை. ஒரு மேற்கோளில் தன் அப்பாவைப் பற்றி எழுதும்போது, பாலின் அப்பா கோமான் லெட்டோவின் சாவுக்கு வழி செய்த ஆண்டில் அப்பாவுக்கு 72 வயது, பார்த்தால் 35க்கு மேல் சொல்ல முடியாது என்கிறாள். பெற்ற அப்பனின் கொலைப்பழியையும் அவர் இளமையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாள். எந்த அரசவையும் இப்படி எழுதச் சொல்லிக் கொடுக்காது. அப்பாயி சொன்ன அந்த மீதிப் பாதி நிஜம் இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இது என்னை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டது என்றும் சொல்லிவிடுகிறேன். 1964இல் இரண்டு பிரதமர்கள், சாஸ்திரியும் சிறிமாவோவும், கையெழுத்துப் போட்டார்கள். இலங்கை மலையகத்தில் நாடற்று நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மீதி 1,50,000 பேர் விஷயம் பிறகு. யாரையும் கேட்கவில்லை. அந்தக் கணக்கில்தான் தாத்தாவும் அப்பாயியும் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தார்கள். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கினார்கள், இன்றைக்கு டான்டீ என்று சொல்கிறோமே, அது. அப்பாயி இங்கே வந்தும் கொழுந்துதான் எடுத்தார். ஒப்பந்தத்தைப் பற்றி அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தாலியை மடியில் முடிந்துகொண்டு வந்தாள், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம், இதை அப்பாயி சொன்னால்தான் உண்டு. தோற்ற வீட்டுப் பிள்ளைகள் எழுத உட்காருவதில் எனக்கு இருக்கும் ஆசை அங்கிருந்து வருகிறது. இப்போது அவர் பேசுவதை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், தேதி தப்பாகச் சொன்னாலும் சொன்னபடியே.

இருலானையும் ஃபராடினையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். அவளைக் கொடுத்தார்கள், அவன் தன்னைத் தானாகவே கொடுத்தான், அந்த வித்தியாசம் பெரியது. அவனுக்குக் கனிமாவின் துணையும் கிடைக்கிறது, பெயருக்கு அவள் தன் கூடப்பிறந்த லெட்டோவின் பட்டத்து ராணி என்றாலும். இருலானுக்கு எழுத்தைத் தவிர தனக்கென்று எதுவும் இல்லை, அதனால்தானோ என்னவோ அவள் வாக்கியங்களில் இருக்கும் கூர்மை அவனிடம் இல்லை. 2003இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் வென்சிசியாவாக சூசன் சரண்டன் நடித்தார். அம்மாவின் வெறியைப் பார்க்க அது நல்ல இடம், மகனைப் புரிந்துகொள்ள நாவல்தான் வேண்டும்.

படிக்கிறவர்கள் மூன்றாம் நாவலை முடித்த கையோடு மறுபடி அதன் முதல் பக்கத்துக்கே போய், ஹர்க் அல்-அதா பெயர் போட்ட பத்திகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். எது லெட்டோவின் சோற்றுக்கு எழுதியது, எது அவனாக எழுதியது என்று பென்சிலால் கோடு போடுங்கள். நானும் போட்டு வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும்.